இதை யார் பார்க்கப் போகிறார்கள்?

போர் நடக்கும் இடங்களில் படமெடுக்க வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் பேச வரும் இளைஞர்கள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். நான் அவர்களிடம் வேறொன்று கேட்பேன். பக்கத்தில் நிற்பவருக்குத் தொடையில் அடிபட்டு ரத்தம் பீறிட்டால் எங்கே கட்டுவாய், எவ்வளவு இறுக்குவாய், கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது? பதில் தெரியவில்லை என்றால் முதலுதவிப் பயிற்சியை முடித்துவிட்டு வரச் சொல்வேன். லென்ஸைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

2011 ஏப்ரல் 20ஆம் தேதி, லிபியாவின் மிஸ்ராத்தா நகரச் சண்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்த புகைப்படக்காரர்கள் டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் தாக்குதலில் சிக்கி உயிரிழந்தார்கள். ஹெதரிங்டனுக்குக் காலின் மேற்பகுதியில் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ரத்தம் வடிந்து இறந்துபோனார். கூட இருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தும் வழி தெரிந்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும் என்று அறிந்த அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர், 2012இல் ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு இலவசப் போர்க்கள முதலுதவிப் பயிற்சி தரும் அமைப்பைத் தொடங்கினார். இன்று எங்கள் தொழிலில் பலர் பையில் டூர்னிகெட், அதாவது ரத்தத்தை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டை, வைத்திருப்பதற்கு அந்த மரணமும் ஒரு காரணம்.

கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களில் ஒருவருக்காவது என்றைக்காவது உதவும். காயத்துக்கு மேலே, இதயத்தின் பக்கமாக, இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் கட்ட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மீது கட்டக் கூடாது. ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். அடிபட்டவர் வலியில் அலறுவார், கையைத் தட்டிவிடுவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அதிலேயே எழுதிவைக்க வேண்டும், மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும். இடுப்பு மடிப்பிலோ கழுத்திலோ காயம் என்றால் டூர்னிகெட் போட வழியில்லை, துணியை ஆழமாகத் திணித்து இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதனால் டூர்னிகெட்டைப் பையின் அடியில் போடாதீர்கள். இடது கை, வலது கை எது மிஞ்சினாலும் எட்டுகிற இடத்தில், குழுவில் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

2017இல் இராக்கின் மொசூல் நகரின் மேற்குக் கரையில், ஒரு வீட்டு வாசற்படியில், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் காலில் நான் அதைக் கட்டியிருக்கிறேன். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. படம் எடுப்பதா, உதவுவதா என்று அறைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்கில் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். களத்தில் எனக்கு அது அவ்வளவு சிக்கலாக இருந்ததில்லை. அந்த இடத்தில் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றால் கட்டுகிறேன். மருத்துவ உதவியாளர்கள் வந்துவிட்டார்கள் என்றால் அவர்கள் வெளிச்சத்தை மறைக்காமல், காலில் இடறாமல் ஒதுங்கி நின்று படமெடுக்கிறேன். இரண்டும் என் வேலை.

அந்த நகரத்தில் என்னை உயிரோடு வைத்திருந்தவர் ஓர் ஓட்டுநர். மொழிபெயர்ப்பாளரும் அவரே, வழிகாட்டியும் அவரே. எங்கள் தொழிலில் ஃபிக்ஸர் என்பார்கள். ஒரு காலையில் போகவேண்டிய தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "உக்தி, இன்றைக்கு வேண்டாம்" என்றார். உக்தி என்றால் அரபு மொழியில் சகோதரி. என்ன காரணம் என்று கேட்டேன். "தெருவில் பிள்ளைகள் இல்லை" என்றார். திரும்பிவிட்டோம். அந்தத் தெருவில் அன்று ஏதாவது நடந்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை. நடந்திருந்தால்தான் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும் போலிருக்கிறதே, அப்படி யோசிக்க நான் விரும்பவில்லை. உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

இவர்களுக்கு நாம் செய்யவேண்டியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத கோபம். எனக்குக் குண்டு துளைக்காத அங்கி என்றால் அவருக்கும் வேண்டும். எனக்கு இன்சூரன்ஸ் என்றால் அவருக்கும் வேண்டும், இதை ஒப்புக்கொள்ளாத வேலையை ஏற்கக் கூடாது. பெயர் போடலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். சிலருக்குப் பெயர் வருவது பெருமை, சிலருக்கு அதுவே ஆபத்து. நாம் விமானம் ஏறிவிடுவோம். அவர் அதே சோதனைச் சாவடியைத்தான் மறுநாளும் தாண்ட வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் காகிதத்தில் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கே போகிறோம், எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம், யாருக்கு எப்போது தகவல் சொல்வோம், தகவல் வரவில்லை என்றால் அவர் முதலில் யாரை அழைக்க வேண்டும். ரத்த வகை, ஒவ்வாமை, குடும்பத்தில் யாரிடம் பேசுவது. கூடவே, நான் உயிரோடு இருக்கிறேனா என்பதை உறுதிசெய்ய எனக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை நானும் என் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். கல்யாணமான புதிதில் நடந்த ஒரு சின்ன விஷயம், எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பயணத்தையும் வீட்டில் கலந்து பேசாமல் ஒப்புக்கொண்டதில்லை. ஆபத்துக்குள் போவது நான் ஒருத்தி, அந்த உறையைத் திறக்கவேண்டிய நிலை வந்தால் திறப்பவர் அவர்.

காலடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா 1954 மே 25ஆம் தேதி வியட்நாமின் தாய் பின் பகுதியில் ஜீப்பை விட்டு இறங்கிப் படமெடுக்க நடந்தபோது கண்ணிவெடியில் கால் வைத்தார். அப்போது அவருக்கு 40 வயது. அவருடைய தோழியும் புகைப்படக்காரருமான கெர்டா டாரோ 1937இல் ஸ்பெயினில், புருனெட்டே சண்டையில் பின்வாங்கும்போது, தொற்றிக்கொண்டுபோன காரின் மீது டாங்கி மோதி இறந்தார். குண்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் இந்த இருவரையும் நினைவூட்டுவேன். தார் சாலை, இல்லையென்றால் புதிதாகப் பதிந்த சக்கரத் தடம், இந்த இரண்டை விட்டு ஒரு கோணத்துக்காக ஓரமாக இரண்டடி எடுத்துவைப்பது எந்தப் படத்துக்கும் தகாது. சீட் பெல்ட் போடுங்கள். இரவில் நெடுந்தூரம் ஓட்டச் சொல்லாதீர்கள். ஓரிடத்தில் குண்டு வெடித்ததும் அங்கே ஓடாதீர்கள். உதவிக்கு ஓடி வருகிறவர்களுக்காகவே இரண்டாவது குண்டு காத்திருப்பது பல போர்களில் நடந்திருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் செய்தியாளரைக் குடிமகனாகவே கருத வேண்டும் என்கிறது. குடிமகன் என்ற தகுதியைக் கெடுக்கும் எதையும் அவர் செய்யாதவரைக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. ஒரு போராளி தன் துப்பாக்கியை நீட்டி "ஒரு நிமிஷம் பிடி" என்றால்கூடப் பிடிக்கக் கூடாது, ராணுவ உடை நிறத்தில் உடுத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். ஒரு படையின் அனுமதிச் சீட்டோடு அதனுடன் பயணம் செய்யும் போர்ச் செய்தியாளரின் நிலை வேறு. பிடிபட்டால் அவர் போர்க்கைதிக்குரிய நடத்தைக்கு உரியவர். படையோடு போவது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அந்தப் படை குறிவைக்கப்படும்போது நீங்களும் குறிக்குள் இருக்கிறீர்கள். இந்தியப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தக்கில் கொல்லப்பட்டது அந்நாட்டுச் சிறப்புப் படையோடு சென்றிருந்தபோதுதான்.

சித்திக்கி இடம்பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவுக்கு 2018இல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்தவை ரோஹிங்கியா மக்களின் வெளியேற்றத்தைப் பற்றிய படங்கள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்து வங்கதேசம் வந்தார்கள். அந்தக் கரையில் நானும் இருந்தேன். சேறு முழங்கால்வரை. மூட்டைகளைப் போல முதியவர்களைக் கூடையில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். படமெடுக்க அதைவிடச் சுலபமான இடம் இருக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் படம். அதனாலேயே அங்கே நிதானம் தேவைப்பட்டது. அழுகிற முகம் எல்லோரிடமும் கிடைக்கும். யாருடைய முகம், எந்த ஊர், கூட வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அடுத்த படகு போய்விடும். நான் படகுகளை விட்டுவிட ஆரம்பித்தேன். அன்றைய படங்களின் எண்ணிக்கை குறைந்தது, எடிட்டர் கேட்டார், விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்.

குறிப்பு எழுதுவதைப் பற்றி நான் இவ்வளவு அடித்துப் பேசுவதற்கு வரலாறே காரணம். 1993இல் சூடானின் அயோத் கிராமத்தில் கெவின் கார்ட்டர் எடுத்த, பட்டினியால் சுருண்டிருக்கும் குழந்தையும் கழுகும் உள்ள படம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு வாசகர்கள் எழுதிக் குவித்தார்கள். பத்திரிகையால் திட்டமாகப் பதில் சொல்ல முடியவில்லை. பெண் குழந்தை என்று வெளியான அந்தப் படத்தில் இருந்தது ஆண் குழந்தை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. கார்ட்டர் 1994இல் புலிட்சர் பரிசு பெற்று, அதே ஆண்டு ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். அந்தப் படத்தின் குற்ற உணர்ச்சியால்தான் இறந்தார் என்று கதை கட்டி அனுப்புகிறார்கள். அவருடைய நெருங்கிய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் அந்த ஏப்ரலில்தான் தென்னாப்பிரிக்காவின் தோகோசாவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கார்ட்டருக்குப் பணக் கஷ்டம் இருந்தது, போதைப் பழக்கம் இருந்தது, ஆண்டுக்கணக்கில் பார்த்த கொலைகள் இருந்தன. ஒரு மனிதரின் சாவை நீதிக்கதையாக்கிப் பரப்புவதை நிறுத்துங்கள் என்று எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1936இல் டோரத்தியா லாங் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த, பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்கும் தாயின் படம் இன்னொன்று. அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரியவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தெரியவந்தபோது அவர் சொன்னது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பதுதான். 1972 ஜூன் 8ஆம் தேதி வியட்நாமின் திராங் பாங்கில் நாபாம் தீயில் உடல் வெந்து, உடையின்றி ஓடிவந்த ஒன்பது வயது கிம் ஃபுக், தன்னை ஏன் அந்தக் கோலத்தில் எடுத்தார்கள் என்று வெட்கப்பட்டதையும், பிறகு வெகுகாலம் கழித்து அந்தப் படத்தோடு சமாதானம் ஆனதையும் தானே பேசியிருக்கிறார். உலகம் பார்த்தாக வேண்டிய படம் அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சிறுமியின் வெட்கமும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

முகாம்களில் பெண்கள் என்னிடம் பேசினார்கள். ஆண் புகைப்படக்காரர்கள் நுழைய முடியாத கூடாரங்களுக்குள் என்னால் உட்கார முடிந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் முகத்தை நான் எடுப்பதில்லை. முகத்தை இருட்டாக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் முகாமில் ஒருநாள் தங்கிப் பார்க்க வேண்டும். துணியின் பூப்போட்ட கரையை வைத்து, கையிலுள்ள தழும்பை வைத்து, பின்னால் தெரியும் தார்ப்பாயின் கிழிசலை வைத்துப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். எடுத்த படத்தைக் கேமராவின் திரையிலேயே காட்டி, "உங்களைத் தெரிந்தவர் யாராவது இதைப் பார்த்தால் கண்டுபிடிப்பாரா?" என்று அவரிடமே கேட்பேன். கண்டுபிடிப்பார் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுவேன். இன்னொன்று, ஒரே பெண்ணிடம் ஒருவர் பின் ஒருவராகச் செய்தியாளர்கள் போய் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்ற நாதியா முராதின் பெயரில் 2022இல் வெளியான நடத்தை விதித்தொகுப்பு இதைத்தான் கேட்கிறது: இந்த வாக்குமூலம் உண்மையிலேயே தேவையா, வேறு யாரிடமாவது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ. அதைப் படிக்காமல் யாரும் அந்த மாதிரி வேலைக்குப் போகக் கூடாது.

கேமராவிலும் போனிலும் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுவது, அன்றன்று இரவே இரண்டு பிரதி எடுத்து இரண்டையும் வெவ்வேறு பையில் வைப்பது, பெயர்கள் எழுதிய நோட்டைப் படங்களோடு சேர்த்து வைக்காதது, இவையெல்லாம் பழகிவிட்டால் பல் துலக்குவது போல ஆகிவிடும். விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி வீடு.

திரும்பி வந்த முதல் வாரம் எனக்கு எப்போதும் கடினம். கதவு படாரென்று சாத்தினால் சுவரோரம் ஒதுங்குவேன். கடையில் எதை வாங்குவது என்று முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பேன். சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவேன். டொரொன்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் அந்தொனி ஃபைன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 140 போர்ச் செய்தியாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வாழ்நாளில் எப்போதாவது வந்தவர்கள் 28.6 சதவீதம், கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 21.4 சதவீதம். இந்த எண்களை என் கணவர்தான் முதலில் படித்துவிட்டு எனக்குக் காட்டினார். "உனக்கு மட்டும் நடக்கற விஷயம் இல்ல இது" என்றார். அதைவிடப் பெரிய ஆறுதலை அந்தக் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மனநல மருத்துவரிடம் போனேன், இன்றும் போகிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பும் பின்பும் அவரைப் பார்ப்பதைப் பயணச் செலவின் பகுதியாகவே கணக்கில் எழுதுகிறேன். நிறுவனங்கள் இதற்குப் பணம் தர வேண்டும், கேட்டால் சில தருகின்றன. கேளுங்கள்.

களத்திலிருந்து நேராக வீட்டுக்கு வராதீர்கள் என்பது என் அனுபவத்தில் கண்ட உறுதியான பாடம். நடுவில் எங்காவது தனியாகத் தங்கித் தூங்குங்கள், துணிகளைத் துவையுங்கள், படங்களைப் பிரித்து அனுப்பி அந்த வேலையை மூடுங்கள். பிறகு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வந்தவுடன் பிள்ளையின் பள்ளி விழா, உறவினர் வீட்டு விசேஷம் என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடு நீங்கள் இல்லாமலே ஓடிப் பழகியிருக்கும். வந்ததும் அதைத் திருத்தப் போகக் கூடாது. அவர்கள் போட்டுவைத்த ஒழுங்குக்குள் நாம்தான் மெல்ல நுழைய வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுப்பதும் களத்தின் தொடர்ச்சிதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வரையறைத் தொகுப்பு, வேலை காரணமாகக் கொடூரக் காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்குக் காரணமாகச் சேர்த்தது. ஆகவே நான் முதல் சுற்றில் படங்களைச் சிறியதாக, கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்க்கிறேன். வீடியோ என்றால் ஒலியை நிறுத்திவிடுகிறேன். இருட்டிய பிறகு பார்ப்பதில்லை.

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் என் பின்னால் வந்து நின்றுவிட்டாள். திரையில் இருந்தது வங்கதேசத்தின் குடுபலாங் ரோஹிங்கியா முகாமில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் அவள் வயதுப் பெண். நல்லவேளை, காயமோ ரத்தமோ இல்லாத படம். "இவ பேரு என்னம்மா?" என்றாள். நோட்டைப் புரட்டிச் சொன்னேன். அடுத்து, அவளுக்கு அண்ணன் இருக்கிறானா, எந்த வகுப்பு, குடம் கனக்காதா என்று கேள்வி மேல் கேள்வி. முக்கால்வாசிக்கு என்னிடம் பதில் இருந்தது. எந்த எடிட்டரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்விகள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு குழந்தைகளைப் படமெடுக்கும்போது, மகள் என்ன கேட்பாள் என்று நினைத்துக் குறிப்பெடுக்கிறேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது வெளிநாட்டு வேலைகளை நிறுத்திவிட்டு அவரோடு இருந்தேன். புற்றுநோய், கல்லீரல்வரை பரவிவிட்டிருந்தது. அப்போது கேமராவை எடுத்தேன். எனக்குக் கஷ்டம் வந்தால் கை தானாக அதைத் தேடும். அம்மா முதல் நாளே கேட்டார்.

"இத யாருடி பாக்கப் போறாங்க?"

"தெரியலம்மா."

"தெரியாம எதுக்கு எடுக்கற?"

பதில் சொல்லத் தெரியாமல் கேமராவை மூடி வைத்தேன். எத்தனையோ முகாம்களில், ஆஸ்பத்திரிகளில் நான் அனுமதி கேட்டிருக்கிறேன். தலையசைத்தார்கள், எடுத்தேன். அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்திருக்கும் என்பது அம்மா கேட்கும்வரை எனக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு மொழி இடித்தது, நான் அந்நியள், கையில் பெரிய கருவி. அம்மாவுக்கு என்னிடம் அந்தத் தயக்கம் கிடையாது, அதனால் வாய்விட்டுக் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். படுத்திருக்கும்போது எடுக்கக் கூடாது. "உக்கார வச்சு எடு. தல சீவிக்கறேன்." மேலேயிருந்து எடுக்கக் கூடாது. வாந்தி, குழாய், மூத்திரப் பை எதுவும் வரக் கூடாது. எடுத்ததை அன்றைக்கே காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும். நான் பேரம் பேசினேன். வலியும் உண்மைதானே அம்மா, அதை மறைத்துவிட்டு எடுத்தால் பொய்யாகிவிடாதா என்றேன். "வலி எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு எதுக்கு?" என்றார். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நள்ளிரவில், வலி தாங்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "இப்ப எடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுத்தேன். காலையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றார்.

சம்மதம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் கையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அது காலையில் இல்லாமல் இரவில் வரும், இன்றைக்குத் தந்ததை நாளைக்குத் திரும்பக் கேட்கும். அவசரப்பட்டால் அந்த நள்ளிரவு எனக்குக் கிடைத்திருக்காது.

அம்மா போன அடுத்த ஆண்டு மறுபடியும் வேலைக்குத் திரும்பினேன். முதலில் மாறியது என் முழங்கால். ஆஸ்பத்திரிக் கட்டில்களில் இருப்பவர்களை இப்போது அவர்கள் கண் மட்டத்துக்குக் குனிந்துதான் எடுக்கிறேன். எழுந்து உட்கார விரும்புகிறீர்களா, தலை வாரிக்கொள்ள வேண்டுமா என்று முதலில் கேட்கிறேன். படம் எங்கே வெளியாகும், இணையத்தில் போனால் அதை முழுதாகத் திரும்பப் பெற முடியாது, உங்கள் ஊர்க்காரர்களும் பார்க்கலாம், இதனால் உங்களுக்குப் பணமோ உதவியோ கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது, இந்த நான்கையும் மொழிபெயர்ப்பாளர் வழியே முழுதாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறவர்கள் முன்பைவிட அதிகம். வேண்டும் என்கிறவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை முன்பு என் படங்களில் அவ்வளவாக இல்லை.

கையடக்கமான பிரிண்டர் ஒன்றையும் எடுத்துப்போகிறேன். முகாம்களில் மக்கள் என்னிடம் கேட்பது செய்தியில் வரும் மாதிரிப் படங்களை இல்லை. இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சிரிக்காமல் விறைப்பாக நிற்கும் குடும்பப் படம் வேண்டும் என்பார்கள். ஓடிவரும்போது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததெல்லாம் எரிந்துபோயிருக்கும். வந்த வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்தப் படங்களை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலையை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய படங்கள் குவிந்து கிடக்கின்றன. லீ மில்லர் இரண்டாம் உலகப் போரை வோக் பத்திரிகைக்காகப் படமெடுத்தவர், 1945இல் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட மறுநாளே அங்கே போய்ப் படமெடுத்தவர். போருக்குப் பிறகு மனச்சோர்விலும் குடியிலும் உழன்றார். 1977இல் அவர் இறந்த பிறகுதான் வீட்டுப் பரணில் இருந்த ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களை மகன் ஆன்டனி பென்ரோஸின் குடும்பம் கண்டெடுத்தது. அம்மா போரில் என்ன செய்தார் என்பதே மகனுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. என் மகளுக்கு அப்படியொரு பரண் கிடைக்கக் கூடாது என்பதால் இப்போது அவளோடு உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இப்போது அந்தப் படங்களைப் பார்க்கும் வயது, ஆனால் எதைப் பார்ப்பது என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். அவள் சிறுவயதுப் படங்களில் பாதியை வெளியே காட்டக் கூடாது என்று ஒதுக்கிவிட்டாள். அதில் எனக்குப் பிடித்த சில படங்களும் போய்விட்டன.

அம்மாவின் படங்களில் எவை வெளியே போகலாம் என்பதை அம்மாவே குறித்து வைத்துவிட்டார், அதனால் அந்தப் பெட்டியில் வேலை இல்லை. மற்றவற்றை மூன்றாகப் பிரிக்கிறோம்: எப்போதும் பயன்படுத்தலாம், சம்பந்தப்பட்டவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம், மூடி வைக்க வேண்டும். பெயர் மறைத்து எடுத்தவர்களின் உண்மைப் பெயர்கள் இணையத்தோடு சேராத தனி வட்டில், பூட்டிய கோப்பாக இருக்கின்றன. எனக்குப் பிறகு அதன் கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது என்பதை உயிலில் எழுத வக்கீலிடம் நாள் கேட்டிருக்கிறேன். இந்த வேலையில் இருக்கும் மற்றவர்களும் இதைத் தள்ளிப்போடாமல் எழுதிவைக்க வேண்டும், முக்கியமாகக் களத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால்.